கடைசிக்கு முந்தினவள்

சுகா தூங்கிக்கொண்டிருந்தாள். முத்திருளாயியால் தாங்க முடியாமல் போனது அதுதான். இன்னும் சற்று நேரத்தில் ஆசியப் போட்டியில் பெண்கள் தொடர் ஓட்டத்தின் இறுதி. எட்டு நாட்டுப் பெண்கள் மைதானத்துக்கு அடியில் இருந்த இந்தக் காத்திருப்பு அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தொடையைத் தட்டிக்கொண்டு, ஒருத்தி வாய்க்குள் ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு, எதிர்வரிசையில் ஒருத்தி ஸ்பைக்ஸ் ஷூவின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு விதமாக உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்க, சேலத்துக்காரி சுகவனேஸ்வரி, இருபத்தொரு வயது, சுவரில் தலையைச் சாய்த்து வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். நடிப்பு இல்லை. முத்திருளாயி உற்றுப் பார்த்துவிட்டாள், மூச்சு நிதானமாக வந்து போனது, கீழுதட்டில் எச்சில்கூட மினுங்கியது. பதினோரு வருஷமாக இந்த மாதிரி அறைகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள் முத்திருளாயி, ஒரு தடவைகூடக் கண் அசந்ததில்லை. சாமி, இவளுக்கு வேகத்தைக் கொடுத்தாய், சரி. அந்தத் தொடையைக் கொடுத்தாய், ஒவ்வொரு போட்டிக்கும் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே வருகிற அப்பனைக் கொடுத்தாய், பால் பவுடர் விளம்பரம் கொடுத்தாய். தூக்கத்தையுமா இவளுக்கே கொடுக்க வேண்டும், ஆண்டவனே, ஒரு கைப்பிடி எனக்கென்று எடுத்து வைத்திருக்கக் கூடாதா. இதற்குப் பெயர் பொறாமை என்று முத்திருளாயிக்குத் தெரியாமல் இல்லை. அதை வேறு நல்ல பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சாமர்த்தியம் அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தொடர் ஓட்டத்தில் நாலு பேர் ஓடினாலும் ஊர் கண்ணுக்குத் தெரிவது கடைசியாக ஓடுகிறவள் ஒருத்திதான். முதல் மூன்று பேரும் பேட்டன் குச்சியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து கொடுக்க, எல்லைக் கோட்டை நெஞ்சால் தொடுகிறவள் அவள், கொடியைப் போர்த்திக்கொள்கிறவள் அவள், மறுநாள் பேப்பரில் வாயைப் பிளந்தபடி வருகிறவள் அவள். சமைத்தவள் அடுப்படியில் வேர்த்துக்கொண்டு நிற்க, பரிமாறியவளுக்கு நல்ல பெயர். எட்டு வருஷம் அந்தக் கடைசி இடம் முத்திருளாயியுடையதாக இருந்தது. அப்போது இந்த நியாயமெல்லாம் அவள் மண்டையில் உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவள் படம் போட்டு மாடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டியபோது மற்ற மூன்று பேரும் மூலையில் ஸ்டாம்ப் அளவில் இருந்தது அவளுக்கு உறுத்தவே இல்லை. போன வருஷம் தனுஷ்கோடி சார், அணியின் பயிற்சியாளர், முகாமில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, 'முத்து, இனிமே நீ மூணாவது ஓடிரு. வளைவுல உன்னை மாதிரி ஓட ஆளில்ல' என்றார். வளைவு. வயசாகிவிட்டது என்பதைச் சொல்ல எவ்வளவு அழகான வார்த்தை கண்டுபிடித்தார் மனுஷன். அடுத்த போட்டி முடிந்து சென்னையில் இறங்கியபோது வரவேற்பு ஃப்ளெக்ஸில் சுகா நடுவில் நின்றாள். ஸ்டாம்ப் அளவில் மூலையில் முத்திருளாயி, அதிலும் கண்ணை மூடியிருந்த படம். நேற்று தகுதிச் சுற்று முடிந்ததும் புருஷன் ராஜபாண்டி போன் செய்தான். 'டிவில பாத்தேன் முத்து. அந்தப் பொண்ணு என்னா ஓட்டம் ஓடுது, யம்மாடி, பறக்குதுல்ல.' கொஞ்சம் நிறுத்தி, 'நீயும் நல்லா ஓடுன' என்றான். வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து ஏற்றிய மூட்டை மாதிரி இருந்தது அந்தக் கடைசிப் பேச்சு. 'அவளையே கட்டிக்க வேண்டியதுதான' என்று போனை வைத்தாள். அடுத்த கட்டிலில் அதே சுகா, அறையையும் இவளோடுதான் போட்டிருந்தார்கள், அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

பின்தொடை மறுபடி சுண்டியது. வலது கால், உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, காலையிலிருந்து இப்படி. வலி என்று சொல்ல முடியாது. பிசியோவிடம் சொன்னால் வலியாகிவிடும், அது சாரின் காதுக்குப் போகும், சார் வெளியே உட்கார்ந்திருக்கிற ஐந்தாவது பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார். அதனால் சொல்லவில்லை. வேகம் எடுக்கும்போது கால் ஒரு நூல் குறைவாக நீண்டது, அவளுக்கு மட்டுமே தெரிந்த நூல். ஓடிவிடலாம். கொடுப்பதில்தான் சிக்கல். பேட்டனை வாங்கப்போகிறவள், தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் தன் பாதத்தாலேயே அடி அடியாக அளந்து ட்ராக்கில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைப்பாள். கொண்டு வருகிறவள் அந்த டேப்பைத் தொட்ட கணத்தில் வாங்குகிறவள் முன்னால் பார்த்துப் பாய வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையைப் பின்னால் நீட்டினால் பேட்டன் வந்து விழும் என்று நம்பி ஓட வேண்டும். குறித்த எல்லைக்குள் கைமாறவில்லை என்றால் அணியே வெளியே. ஆகவே வருகிறவளின் வேகத்தை வைத்துத்தான் டேப்: வேகமாக வருகிறவளுக்குத் தள்ளி, மெதுவாக வருகிறவளுக்குக் கிட்டத்தில். முத்திருளாயிக்கு இருபத்தெட்டு அடி என்று முகாமில் முடிவு செய்திருந்தார்கள். இன்றைக்குக் கால் இருக்கிற இருப்புக்கு அது ஆகாது. 'சுகா, அடியைக் குறைச்சு வச்சுக்க' என்று சொல்ல வேண்டும். காய்ச்சலோ களைப்போ, வருகிறவள்தான் வாயைத் திறந்து சொல்வது வழக்கம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இவளிடமே எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், 'முத்து, இன்னைக்கு ரெண்டு அடி குறைச்சுக்கடி' என்று, இவளும் நல்ல மனசோடு குறைத்திருக்கிறாள். மனசு நன்றாக இருப்பதற்கு என்ன, குறைக்கிற இடத்தில் இருந்தால் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. நாக்கு எழவில்லை.

நேற்று மட்டும் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டாள், காலையிலிருந்து இதை எத்தனையாவது தடவை நினைக்கிறாளோ. நேற்று வளைவைச் சுற்றி வந்த வேகத்தில் சுகாவின் முதுகு எவ்வளவு சுலபமாகக் கிட்டத்தில் வந்தது. நீட்டிய கையில் பேட்டனை வைப்பதற்கு இவள் அடியைச் சற்றுக் கட்டிப் பிடிக்க வேண்டியிருந்ததே. குட்டி பயந்துவிட்டது, பின்னால் வந்தது யார் என்று தெரிந்து உதறிவிட்டது, தாமதமாகக் கிளம்பியது. வளைவாம் வளைவு. அந்த ஒரு நினைப்பைப் புளிப்பு மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிச் சப்பிக்கொண்டேதான் நேற்றைய பொழுதை ஓட்டினாள். நேற்று அப்படி வந்தவள் இன்றைக்கு வர மாட்டாளா, கால் சூடானால் சரியாகிவிடும், ஆகாது, ஆகும், மதுரை ரயில்வே குவார்ட்டர்ஸில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கறுப்புக் கோட்டு திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த டிக்கெட் பரிசோதகர் வேலை. வருஷத்தில் பாதி முகாம் முகாம் என்று போய்விடுவதால் கோட்டுக்கு இன்னும் கசங்கல் விழவில்லை. இந்தப் போட்டியோடு கழற்றிவிட்டால் அந்தக் கோட்டுதான். ஏதோ ஒரு பெட்டியில் ஏதோ ஒரு பெரியவர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, நீங்க அப்ப ஓடுவீங்கல்ல என்பார். சுகாவுக்குப் பேட்டன் குடுத்த பொண்ணு என்பார் பக்கத்தில் இருக்கிறவர். அது நினைப்பில் வந்ததும் இன்னொன்று பின்னாலேயே வந்தது: சொல்லாமலே விட்டால் என்ன. சுகா பழைய கணக்குக்குக் கிளம்புவாள், இவள் கை எட்டாது, எல்லை தாண்டும், நடுவர் கொடியைத் தூக்குவார். டிவியில் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள், பாருங்கள், கடைசிப் பெண் அவசரப்பட்டுவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் ஓடினவளைத்தான் எப்போதும் பழிப்பார்கள். அந்த நினைப்பு இனித்தது. நிஜமாகவே இனித்தது, அதுதான் பயமாக இருந்தது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று ஊரில் சொல்வார்கள், அப்படி ஒரு ஆள் உண்மையில் இருப்பாள் என்றும் அவள் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள் என்றும் முத்திருளாயி நினைத்ததில்லை. சீ, சொல்லிவிடலாம்.

வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி அம்மாள் வந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். 'முட்டி, முட்டிரு...' என்று முட்டிக்கொண்டு நின்றாள். இந்த ஊரின் பெயர் முத்திருளாயி வாயில் நுழையவில்லை, அவள் பெயர் இந்த ஊர் வாயில் நுழையவில்லை, கணக்குச் சரி. சுகா கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டாள். 'நல்லாத் தூங்கிட்டேங்க்கா. வாயத் தொறந்துட்டு இருந்தனா?' 'ஈ போற அளவுக்கு' என்றாள் முத்திருளாயி. சுகா சிரித்தாள், கோபித்துக்கொள்ளவும் தெரியாது அந்தக் கழுதைக்கு. ஓட்ட வரிசைப்படி எல்லோரையும் பிரித்து நிறுத்தினார்கள். முதலில் ஓடுகிறவர்கள் போனார்கள், கேரளத்து ஜிஷா கையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்து இரண்டாவது, பஞ்சாபி ஹர்ப்ரீத். மூன்றாவது வரிசையும் நான்காவது வரிசையும் கதவருகே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இங்கே விட்டால் இனி இவளோடு பேச முடியாது. 'சுகா' என்றாள். 'சொல்லுங்க்கா.' 'அந்த அடி. இருபத்தெட்டு வச்சிருக்கேல்ல, அதை...' சுகா குரலைத் தாழ்த்தினாள். 'இருபத்தெட்டு இல்லைங்க்கா. நேத்தே நாலு கொறச்சுட்டேன். இன்னைக்கும் கொறச்சுதான் வெக்கப் போறேன். நீங்க அதப்பத்திக் கவலப்படாதீங்க.' முத்திருளாயிக்கு முதலில் புரியவில்லை. 'நேத்து எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லயேடி.' 'தெரியுங்க்கா' என்று சொல்லிவிட்டு சுகா நிறுத்தினாள், சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல உதட்டைக் கடித்தாள். 'முகாம்லயே பாத்துட்டுத்தான் இருந்தேன். கொஞ்சம் எட்டாமப் போகுதுன்னு. சார்கிட்டகூடச் சொல்லலைங்க்கா, யாருக்கும் தெரியாது.' நேற்றைய மிட்டாய் தொண்டையில் போய் நின்றது. பயப்படவில்லை, உதறவில்லை, தாமதமாகக் கிளம்பவில்லை. இவள் எட்டிப் பிடிக்கட்டும் என்று நாலு அடி விட்டுக்கொடுத்துவிட்டு, அதை வெளியே சொல்லாமல், அடுத்த கட்டிலில் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். நல்லவளாகவும் இருக்கிறாள். அதையும் கொடுத்தாயா. 'யாரைக் கேட்டுக் குறைச்ச' என்றாள் முத்திருளாயி. 'அக்கா...' 'இருபத்தெட்டே வை.' 'இன்னைக்குக் காலு வேற...' 'வைன்னா வை. நான் வந்துருவேன்.' டேப் விஷயத்தில் வருகிறவள் சொல்தான் சட்டம், அதிலும் அக்கா சொல். 'சரிங்க்கா' என்றாள் சுகா. மூன்றாவது வரிசையைக் கதவு வழியாக வெளியே கூட்டிப்போனார்கள்.

வெளியே வெயில் இறங்கியிருந்தும் ட்ராக் கொதித்தது. வளைவு தொடங்கும் இடத்தில் தன் தடத்தில் நின்றுகொண்டு தனக்கான டேப்பை ஹர்ப்ரீத்துக்காக அளந்து ஒட்டினாள். ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் மைதானத்துக்கு அந்தப் பக்கம், வளைவு முடியும் இடத்தில், நீலச் சட்டையில் சின்னதாக சுகா தெரிந்தாள். குனிந்து நுனிக்காலுக்கு முன் குதிகால் வைத்து, சிறுபிள்ளைகள் கோலக் கோட்டின்மேல் நடப்பதுபோல அளந்துகொண்டிருந்தாள். நாலு அடி குறைத்த இடத்தில் ஒரு கணம் நின்றாளா, அல்லது முத்திருளாயிக்குத்தான் அப்படித் தெரிந்ததா, மேலே நடந்தாள், இன்னும் நடந்தாள், உட்கார்ந்து ஒட்டினாள். என்ன காரியம் செய்துவிட்டோம். நேற்று ஒன்றுமில்லாத காலுக்கே இருபத்துநாலு தேவைப்பட்டது என்றால் இன்றைக்கு அதுவும் போதாது, இருபத்தொன்றோ என்னவோ, இவள் போய் இருபத்தெட்டு என்றிருக்கிறாள், வாயா அது. நாலு பேருடைய பதக்கம். ஜிஷா போன மாதம் அம்மை போட்டு எழுந்து வந்து ஓடுகிறாள். கையைத் தூக்கி ஒரு சைகை காட்டினால் போதும், உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்துக் காட்டினால் சுகாவுக்குப் புரியும், இன்னும் நேரம் இருந்தது, அணிகளின் அறிமுகமே முடியவில்லை. கையைத் தூக்கினாள். அந்தப் பக்கம் சுகா உடனே நிமிர்ந்தாள், இதற்காகவே பார்த்துக்கொண்டிருந்தவள்போல. ஒரு சைகை, அதற்குள் எல்லாம் இருந்தது, நான் மெதுவு, நீ வேகம், நீ சொன்னது சரி, எனக்கு விட்டுக்கொடு. பெரிய திரையில் கேமரா மூன்றாவது வரிசைக்கு வந்தது, அதில் தன் முகத்தைத் தானே பார்த்தாள் முத்திருளாயி, தூக்கிய கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். கை கீழே வந்துவிட்டது. அவ்வளவு கனமான கையை அவள் அதற்கு முன்னால் தூக்கியதே இல்லை. மறுபடி தூக்கலாம் என்று நினைப்பதற்குள் மைதானம் அடங்கிவிட்டது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டது, அப்புறம் நினைக்க ஒன்றும் இல்லை. ஜிஷா வந்ததும் ஹர்ப்ரீத் வாங்கியதும் கூச்சலாக மட்டும் தெரிந்தது. ஹர்ப்ரீத்தின் பெரிய உடம்பு நேர்த்தடத்தில் வளர்ந்து வளர்ந்து வந்து டேப்பில் மிதித்தது, முத்திருளாயி பாய்ந்தாள், வலது கையில் பேட்டன் அறைந்து உட்கார்ந்தது. வளைவு. முதல் பாதி அவளுடையதாக இருந்தது, இதைப் பொறாமைக்காரிகூட ஒத்துக்கொள்ள வேண்டும், உள்பக்கம் சாய்ந்து, தோள் இறங்கி, பக்கத்துத் தடத்துக்காரியைத் தின்றுகொண்டு போனாள், இரண்டாவதாக வந்துகொண்டிருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிந்தது. தனுஷ்கோடி சார் பொய் சொல்லவில்லை என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அப்புறம் பின்தொடை பிடித்தது. கிழியவில்லை, யாரோ பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு பிடி. தூரத்தில் வெள்ளையாக அந்த டேப், இருபத்தெட்டு அடியில், சொன்ன இடத்தில், ஒரு விரற்கடை கூடக் குறைக்காமல். சொன்ன சொல் கேட்கிற பெண். காலை எடுத்து வைத்தாள், டேப்பைத் தொட்டாள், சுகா பாய்ந்துவிட்டாள். அந்த முதுகு போய்க்கொண்டே இருந்தது. இடது கை பின்னால் நீண்டது, விரல்கள் விரிந்து, உள்ளங்கை காட்டி, சந்தேகமே இல்லாமல் திறந்திருந்த கை. எட்டவில்லை. இன்னும் எட்டவில்லை. எல்லைக் கோடு வந்துகொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது, இது எட்டாவிட்டால் பழி சுகாமேல் என்று அறையில் இனித்த அதே நினைப்பு வந்தது, இப்போது அது வாந்தி வருகிற மாதிரி இருந்தது. 'நில்லு' என்று கத்தினாள் முத்திருளாயி. 'சுகா, நில்லுடி, நில்லு, என்னால முடியல.' ஊர் நாடு எல்லாம் கேட்கட்டும் என்று கத்தினாள், அறையில் நாலு வார்த்தையாகச் சொல்ல முடியாததை. சுகா திரும்பவில்லை, காலின் வேகம் மட்டும் இடறியதுபோல் தணிந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பேட்டன் அந்த உள்ளங்கைக்குள் போனது.

மூன்று பேர் முன்னால் போயிருந்தார்கள், இன்னும் இருவர் தாண்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தாள் சுகா. தன் தடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்திருளாயி, அவள் ஓடுவதை முழுசாகப் பின்னாலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். ராஜபாண்டி சொன்னது உண்மைதான், அந்தப் பெண் பறந்தாள், ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி, மூன்றாவதாகப் போனவளின் தோளுக்குத் தோள் போய் விழுந்தாள். நாலாவது என்றது திரை. ஒரு தலைமயிர் வித்தியாசம், பதக்கம் இல்லை. நான் அந்தக் காலத்திலும் இப்படி ஓடியதில்லை என்று முத்திருளாயிக்கு அப்போது தெரிந்தது, வயிறு எரிந்தது, அந்த எரிச்சலோடேயே நொண்டிக்கொண்டு அவளை நோக்கி நடந்தாள்.

வெளியே போகும் வழியில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி சார் நின்றிருந்தார். ஜிஷா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், ஹர்ப்ரீத் யாரையும் பார்க்காமல் கீழே பார்த்தாள். சார் யாரையும் திட்டவில்லை, சுகாவிடம் மட்டும், 'என்னம்மா இது, இவ்வளவு சீக்கிரமாவா கிளம்புவ? டேப்பை எங்க வச்ச?' என்றார். சுகாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. முத்திருளாயி பக்கம் அவள் பார்க்கக்கூட இல்லை. 'தப்புதான் சார்' என்றாள், டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து நீட்டுவதுபோல அவ்வளவு சாதாரணமாக. 'நாந்தான் கொஞ்சம் அவசரப்பட்டு...' முத்திருளாயிக்குத் தலைக்கு ஏறியது. கடைசி இடம் அவளுக்கு. ஃப்ளெக்ஸ் அவளுக்கு, தூக்கம் அவளுக்கு, நாலு அடி விட்டுக்கொடுத்த நல்ல மனசும் அவளுக்கு. இப்போது இந்தப் பழியையும் அவளே தூக்கிக்கொண்டு போவாள், ஆயுசு முழுக்க இவள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும். முடியாது. 'அவ தப்பு இல்ல சார்' என்றாள். 'குறைச்சு வைக்கிறேன்னுதான் சொன்னா. நான்தான் இருபத்தெட்டே வைன்னேன். காலையிலிருந்தே கால் பிடிப்பு, உங்ககிட்ட மறைச்சுட்டேன். முன்னாலயே என்னால எட்ட முடியல, அவதான் யாருக்கும் தெரியாம நேத்துக் குறைச்சு ஓடிருக்கா.' சார் அவளையே பார்த்தார். இனிமேல் கேட்க என்ன இருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. சுகா அவள் முழங்கையைத் தொட்டாள். 'விடுங்க்கா, நான் பாத்துக்கறேன்.' முத்திருளாயி அந்தக் கையை எடுத்துவிட்டாள். 'நீ சும்மா இருடி' என்றாள். 'இது என்னுது.'